நீல மூடி டப்பா

ஜனவரி 12, ஞாயிறு
வெளியே –1°, அறைக்குள் 17°. பனி 22 செ.மீ.

பூங்கொடிக்கான தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. குடிவரவு அலுவலகம் அதை வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதியிட்டு வழங்கியிருக்கிறது. வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 10-க்குள், என் மனைவி ஜப்பானுக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் சான்றிதழ் செல்லாது. சென்னையில் விசா பெற ஒரு வாரம் பிடிக்கும் என்பதால் நடைமுறைக் கெடு மார்ச் 31. இவ்விவரங்களைச் சான்றிதழின் நகலோடு நேற்றே கோவைக்கு அனுப்பினேன்.

ஞாயிறு அழைப்பு, வழக்கம்போல் பிற்பகல் மூன்றரைக்கு. அங்கே நண்பகல் பன்னிரண்டு.

"வந்துருச்சுங்க. பாத்தேன்."

"எப்பக் கெளம்பற?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா எந்தத் தேதி?"

"பாக்கலாம்னா பாக்கலாமுங்க. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

அழைப்பு நேரம் 2 நிமிடம் 10 நொடி. நவம்பரில் நான் இங்கு வந்தது முதல் சராசரி 2 நிமிடம் 5 நொடி. ஆகவே முன்னேற்றம் உண்டு.

ஜனவரி 14, செவ்வாய்
வெளியே –3°. பனி 31 செ.மீ.

காலை 5.50 முதல் 6.25 வரை பனி அள்ளினேன். என் வாசலின் அகலம் 5.40 மீட்டர். அவ்வெல்லைக்கு ஒரு சாணும் குறையாமலும் கூடாமலும் அள்ளுவது என் வழக்கம். வலப்பக்கத்து வீட்டு இகராஷி தம் வாசலை அள்ளினார். தலை வணங்கினார், நானும் வணங்கினேன். இரண்டு மாதமாக எங்கள் பழக்கம் இவ்வளவே. நகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி கிமிகோ பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர்.

மாலை ஆலையிலிருந்து திரும்பியபோது கதவின் கைப்பிடியில் துணிப்பை ஒன்று தொங்கியது. உள்ளே நீல மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா. அதில் சோயா சாற்றில் மெத்தென வேகவைத்த முள்ளங்கி, ஆறு துண்டு. ஒரு சிறு தாளில் பெரிய, எளிய எழுத்தில் 'இகராஷி' என்று மட்டும். துண்டுகளின் கனம் 28 முதல் 31 மி.மீ. வரை வேறுபட்டது. கையால் நறுக்கியது என்பதில் ஐயமில்லை. ஆறையும் உண்டேன்.

டப்பாவை நாளையே திருப்ப வேண்டும். வெறுமனே திருப்பக் கூடாது. இது எழுதப்படாத விதி, ஆயினும் விதி. எங்கள் வீட்டில் பூங்கொடி இதை ஒருநாளும் மீறியதில்லை.

ஜனவரி 15, புதன்

ஞாயிறு அல்லாத நாளில் அழைத்தேன். இது தொழில்நுட்ப ஆலோசனை. வழக்கமான அழைப்பின் கீழ் வராது.

"ஏனுங்க! இன்னிக்குப் புதன்தானுங்க. ஒடம்புக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அரிசிம்பருப்புச் சோறு எப்படிப் பண்றது?"

அங்கே குழாயை மூடும் ஒலி கேட்டது.

"உங்களுக்குங்களா?"

"பக்கத்து வீட்டுக்கு."

"பக்கத்து வீட்டுக்கா!" என்றாள். பிறகு குரல் தாழ்ந்து, "நீங்களா?" என்றாள்.

துவரம்பருப்பு என்னிடம் இருந்தது. தோக்கியோவின் இந்தியக் கடையிலிருந்து தபாலில் வருவிப்பது. சின்ன வெங்காயம் இல்லை. பெரியதை நறுக்கச் சொன்னாள். சீரகம், பூண்டு, தக்காளி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "உப்பு கொஞ்சம் போடுங்க" என்றாள்.

"கொஞ்சம்னா எத்தன கிராம்?"

"கையில எடுத்தாத் தெரியுமுங்க."

"எங்கிட்ட பாயிண்ட் ஒரு கிராம் வரைக்கும் காட்டற தராசு இருக்குது."

"அந்தத் தராசக் கொண்டுபோயிப் பனிக்குள்ள பொதைங்க. கையில எடுங்க, போடுங்க, நாக்குல வெச்சுப் பாருங்க."

அழைப்பு நேரம் 11 நிமிடம் 40 நொடி. சராசரிக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

டப்பா நிறையச் சோறு. இகராஷி வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். உப்பு 6.2 கிராம் ஆகியிருந்தது. அவள் கையில் எடுக்கச் சொன்னாளேயன்றி எடுத்தபின் நிறுக்காதே என்று சொல்லவில்லை.

ஜனவரி 24, வெள்ளி
வெளியே 0°.

எட்டு நாளில் டப்பா நான்கு முறை இங்கும் அங்கும் சென்றுவிட்டது. அவர்கள் எள் தூவிய வேர்க்கிழங்கு வதக்கல் அனுப்பினார்கள்; நான் கடலைச் சுண்டல். அவர்கள் முட்டைச் சுருள். நான் எலுமிச்சைச் சோறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில்நுட்ப ஆலோசனை தேவைப்பட்டது. நேற்றைய ஆலோசனை 19 நிமிடம்; அதில் எலுமிச்சை பற்றியது ஐந்து நிமிடம், எஞ்சியது மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார், எங்கள் மகளின் புது வேலை, தெருநாய் போட்ட குட்டிகள்.

இன்று வந்தது ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வடை, நான்கு. விட்டம் நான்குக்கும் 62 மி.மீ. கையால் செய்யும் பொருளில் இத்தகைய ஒருமை இயலாது. ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையில் இதே வடையைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சமைக்க நேரமில்லை. ஆயினும் டப்பாவை நிறைத்தாக வேண்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

குறை கூற எனக்குத் தகுதியில்லை. எனக்கும் இந்த வாரம் ஆலையில் தணிக்கை. காலை நான்கரைக்கு எழுந்து சுண்டல் வேகவைத்தேன்.

அளவீட்டுப் பிரிவில் என்னோடு பணிபுரியும் ஹிரோசேயிடம் கேட்டேன். ஆங்கிலம் அறிந்தவர். "இங்க யாராவது ஏதாவது குடுத்தா, கட்டாயம் பதிலுக்கு ஏதாவது குடுக்கணும்," என்றார். "விட்டுட்டா மரியாதையில்ல." ஆக, வாங்கினால் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது என்பது நம் விதி. தனித்தனியே இரண்டும் நன்று. சேர்ந்தால் நிறுத்தம் இல்லாத இயந்திரம்.

ஜனவரி 26, ஞாயிறு

பூங்கொடியிடம் சிக்கலை விளக்கினேன்.

"அட, இதுக்கா இத்தனை யோசன? ஒரு சிட்டிகை சக்கரை போட்டுக் குடுத்துருங்க. வீட்ல ஒண்ணுமில்லாதப்ப நாமளே அப்படித்தான பண்ணுவோம்."

மிகச் சரியான தீர்வு. டப்பா வெறுமனே இராது. எனவே நம் விதி காக்கப்படும். பரிசென்று சொல்லத்தக்கதும் அதில் இராது. எனவே அவர்களுக்குக் கடமை பிறக்காது. அவளைப் பாராட்டினேன்.

"இருபத்தி நாலு வருசத்துல மொதப் பாராட்டுங்க இது. எழுதி வெச்சுக்கறேன்" என்றாள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். "பேச ஒரு ஆளில்லாம இங்கயே பழகிப்போச்சு. அங்க வந்து புதுசா என்னத்தப் பண்ணப்போறேன்?" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

கெடுவுக்கு 64 நாள்.

ஜனவரி 27, திங்கள்

டப்பாவின் நடுவில் ஒரு சிட்டிகை சர்க்கரை (1.1 கி.) இட்டு, மூடி, கைப்பிடியில் மாட்டினேன். விவகாரம் முடிந்தது.

ஜனவரி 30, வியாழன்

முடியவில்லை. டப்பா பூசணிக்காயோடு வந்திருக்கிறது. சுவை நன்று, முன்பைவிட இனிப்பு கூடுதல். ஒரு சிட்டிகை சர்க்கரையோடு திருப்பினேன்.

பிப்ரவரி 3, திங்கள்
வெளியே –4°. பனி 48 செ.மீ.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பாகில் ஊறியிருந்தது. என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1, எல்லைக்கோட்டில் நிற்பவன். அன்போடு அனுப்பியதை எறிவது முறையன்று. முழுவதும் உண்டு, ஆலைக்கு நடந்தே சென்றேன். 3,200 காலடிகள் அதிகம். டப்பா ஒரு சிட்டிகை சர்க்கரையோடு திரும்பிற்று.

பிப்ரவரி 7, வெள்ளி

கறுப்புச் சோயா மொச்சை. மிட்டாய்க்கும் இதற்கும் வேறுபாடு நிறம் மட்டுமே. 6,000 அடிகள், பனியில். சர்க்கரை இட்டுத் திருப்பினேன். இந்த வீட்டாருக்கு இனிப்பின்மேல் இத்தனை பற்று இருக்குமென்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று காலை கதவில் தொங்கிய பை வழக்கத்தைவிடக் கனத்தது. உள்ளே டப்பா, டப்பாவில் வேகவைத்த முள்ளங்கி, டப்பாவுக்கு அடியில் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம். கூடவே, பாதிக்குமேல் எனக்கு எழுத்து புரியாத கடிதம் ஒன்று.

மதிய இடைவேளையில் ஹிரோசேயிடம் கொடுத்தேன். ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"மருதாசலம்-சான், நீங்க அந்த டப்பாவுல என்ன வெச்சு அனுப்பினீங்க?"

"ஒரு சிட்டிகை சர்க்கரை."

"எத்தனை தடவை?"

"நான்கு."

அவர் மொழிபெயர்த்ததன் சாரம்: 'தங்களுக்கு எங்கள் சமையலில் இனிப்புப் போதவில்லை என்பதை முதல் முறையே உணர்ந்தோம். தாங்கள் அதை இத்தனை நாசூக்காகச் சுட்டிக்காட்டியது எங்களை நெகிழச் செய்தது. ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்த்தோம். இதற்குமேல் இனிப்பாகச் செய்ய எங்களுக்குத் திறனில்லை. மிகவும் வருந்துகிறோம். தயைகூர்ந்து தாங்களே வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளவும்.'

ஹிரோசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பிரிவில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. வேறெவரும் கேட்டதில்லை போலும், நால்வர் எட்டிப் பார்த்தார்கள்.

மாலையில் பூங்கொடியை அழைத்தேன். கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'நாசூக்காக' என்ற இடத்தில் சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டிற்று. "ஒரு கிலோவா! ஒரு கிலோப் பொட்டலமா!" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாத்திரம் கழுவும் மேடையருகே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது சென்ற ஆண்டு ஆகஸ்டுக்கு முன். ஆகஸ்டு என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியும். காரணம் இங்கே தேவையில்லை.

"நேருல போயிச் சொல்லிப்போடுங்க," என்றாள். "கதவுல மாட்டீட்டு ஓடியாராதீங்க."

34 நிமிடம்.

பிப்ரவரி 15, சனி
வெளியே 2°. பனி உருகத் தொடங்கியிருக்கிறது.

முற்பகல் பத்தரைக்கு இகராஷி வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியதை ஜப்பானியத்தில் பதினோரு வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். டப்பாவைக் கழுவித் துடைத்து, கையில் எடுத்துச் சென்றேன். உள்ளே எதுவும் வைக்கவில்லை. வைத்திருந்தால் மீண்டும் தொடங்கிவிடும் என்ற அச்சம்.

கதவைத் திறந்த கிமிகோ-சான் "ஐயோ, வெளியில குளிருது" என்று என்னைக் கைப்பிடியாக உள்ளே இழுக்காத குறை. அடியில் சூடு பொருத்தி, மேலே பஞ்சுப் போர்வை விரித்த தாழ்மேசை. அதற்குள் காலை நீட்டி உட்காரச் சொன்னார்கள். நவம்பருக்குப் பிறகு என் கால்விரல்கள் முதல்முறையாகச் சூடு கண்டன. அவர்கள் பேச்சை எனக்குப் புரிந்த அளவில், நம் வீட்டுப் பேச்சாகவே எழுதுகிறேன்.

மூன்றாம் வாக்கியத்திலேயே அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

"அப்ப இனிப்பு பத்தலைன்னு அர்த்தமில்லையா?" என்றார் இகராஷி.

"இல்லை. எனக்குச் சர்க்கரை நோயின் எல்லை. 6.1."

"எனக்கு 6.8!" என்று அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "உங்களுக்கு அனுப்பினதுல மிச்சத்தை யார் சாப்பிட்டதுன்னு நினைக்கிறீங்க? டாக்டர்கிட்ட திட்டு வாங்கினேன்."

கிமிகோ-சான் அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "இவர்தான் சொன்னார். 'இந்தியாவுல டீயில எவ்வளவு சர்க்கரை போடறாங்கன்னு டிவியில பார்த்தேன், இன்னும் போடு, இன்னும் போடு'ன்னு. நான் அப்பவே வேண்டாம்னேன்."

"ஒருநாள் கடையில வாங்கின வடையக்கூட வெச்சோம்," என்றார் இகராஷி, தலையைச் சொறிந்தபடி. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும். விட்டம் நான்குக்கும் அறுபத்திரண்டு மில்லிமீட்டர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்த சிரிப்பில் தேநீர் சிந்திற்று. நானும் சிரித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே இகராஷி கேட்டார்: "சரி, வெறுமனே திருப்பிக் குடுத்தா உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

இவ்வினாவுக்கு நான் வாக்கியம் தயாரித்திருக்கவில்லை. மேசைமீது டப்பா இருந்தது. கழுவியது, துடைத்தது, வெறுமையானது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிந்தது என்று," என்றேன். "இனிமேல் வேண்டாம் என்று."

கிமிகோ-சான் மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்து, அடுப்படிக்குப் போகாமல், என் பக்கமாகவே தள்ளி வைத்தார்.

"அப்ப இது உங்க வீட்டிலேயே இருக்கட்டும். எங்களுக்கு வேற இருக்கு. எப்பத் தோணுதோ அப்பக் கொண்டுவாங்க. பசிச்சா டப்பா இல்லாமலே வாங்க."

பன்னிரண்டரைக்குத்தான் வீடு திரும்பினேன். எட்டு வாக்கியங்கள் சொல்லப்படாமலே மீந்தன.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். வடிகட்டியைச் சுத்தம் செய்தேன். சட்டைகள் ஐந்தும் இஸ்திரி ஆயின. வேறு வேலை இல்லை. ஆகவே தூக்குப்போசி விஷயத்தை எழுதுகிறேன்.

கோவை வீட்டில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். எந்தப் பாத்திரம், யார் வீட்டுக்குப் போயிற்று, எந்த நாள், திரும்பிய நாள். பூங்கொடி எவருக்கும் எதையும் சமைத்து அனுப்பிவிடுகிறவள், பாத்திரங்கள் காணாமற்போயின. தாள் ஒட்டியபின் ஒன்றும் காணாமற்போகவில்லை. முறை என்ற அளவில் அதில் குற்றமில்லை.

அடுத்த தெரு ரெஜினா அவளுக்குப் பத்தொன்பது ஆண்டுத் தோழி, பள்ளி ஆசிரியை. அவர் கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது பூங்கொடி நாள்தோறும் கைப்பிடியும் மூடியும் உள்ள எவர்சில்வர் தூக்குப்போசியில் கஞ்சி அனுப்பினாள். கடைசியாகப் போனது திரும்பவில்லை. தாளில் பதினொரு நாள் ஆகியிருந்தது. சென்ற ஆகஸ்டில் நான் ரெஜினாவை அழைத்து நினைவூட்டினேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

அவர் கணவர் இறந்து அன்று ஒன்பதாம் நாள். அது எனக்குத் தெரியாததன்று. அடக்கத்துக்கு நானும் சென்றிருந்தேன். பாத்திரமும் அதுவும் வேறு வேறு விஷயம் என்று எண்ணினேன்.

அரைமணி நேரத்தில் அவர் தம்பி தூக்குப்போசியைக் கொண்டுவந்து தந்தார். கழுவி, ஈரம் போகத் துடைத்திருந்தது. பூங்கொடி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லை. பிறகு அதை மேல்தட்டில் வைத்தாள். அன்று முதல் அவள் எவருக்கும் எதுவும் அனுப்பவில்லை. எவர் வீட்டுக்கும் போகவில்லை. தாளில் எழுத எதுவும் இல்லாமற்போனதால் நானே அதைக் கிழித்தெடுத்தேன். முறை வெற்றி பெற்றுவிட்டது என்றுகூட அப்போது நினைத்தேன்.

இன்றைய ஞாயிறு அழைப்பில் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி
வெளியே 4°. வானம் தெளிவு.

காலை 11.30, அங்கே எட்டு. கோவைக்கு ஓர் அழைப்பு, பூங்கொடிக்கு அல்ல. நான்கு நிமிடம். பெரும்பகுதி மௌனம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூங்கொடி எடுக்கவில்லை. மூன்று முறை முயன்றேன்; விதிப்படி இரண்டு போதும்.

மார்ச் 2, ஞாயிறு

எடுத்தாள். உடம்பு நலம். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம்.

2 நிமிடம் 20 நொடி. கெடுவுக்கு 29 நாள். டப்பா அலமாரியில், அரிசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் திருப்ப வேண்டும் என்று கை எழுகிறது. அடக்கிக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி
வெளியே 3°. காலையில் மீண்டும் பனி, 9 செ.மீ.

இகராஷி அதிகாலைப் பேருந்துக்குப் போய்விட்டிருந்தார். என் எல்லையை முடித்தபின் அவர் வாசலில் ஒன்றரை மீட்டர் அள்ளினேன். முழுவதும் அள்ளினால் அவர்கள் கடன்பட்டதாக எண்ணக்கூடும். ஒன்றரை எனக்கே தோன்றிய அளவு. எந்த நூலிலும் இல்லை.

மாலை அவர்கள் வீட்டில் தாழ்மேசைக்குள் காலை நீட்டிச் சூடான நூடுல்ஸ். மாட்டிறைச்சி எனக்கு ஆகாது என்பதால் கிமிகோ-சான் தனியே மீன் குழம்பில் போட்டிருந்தார். ஆலையில் கேட்டவற்றையும் பேருந்தில் நடந்தவற்றையும் பேசினோம். எழுந்து வருகையில் வாசலில், வீட்டுக்குள் போடும் விருந்தினர் செருப்புகளுக்கு நடுவே, விலைச்சீட்டுக் கிழிக்காத சிறிய சிவப்புச் செருப்பு ஒரு சோடி.

"உங்க மனைவிக்கு," என்றார் கிமிகோ-சான். "அளவு உத்தேசமா வாங்கினேன். எப்ப வராங்க?"

"பார்க்கலாம்," என்றேன்.

சொன்னபின்தான் அது யாருடைய சொல் என்று நினைவுக்கு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

1 நிமிடம் 50 நொடி. செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வற்புறுத்துவது போலாகும். கெடுவுக்கு 22 நாள்.

மார்ச் 14, வெள்ளி
வெளியே 9°.

இன்று ஞாயிறு இல்லை. அழைத்தது நானும் இல்லை.

ஆலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பூங்கொடி.

"ரெஜினா வந்துருந்தாளுங்க."

மற்றக் காலணியைக் கழற்றவில்லை.

"நேத்துச் சாயங்காலம். ஒண்ணும் பேசுல. நேராச் சமையக்கட்டுக்குள்ள வந்தா. 'அந்தத் தூக்குப்போசி எங்கடீ'ன்னா. மேல்தட்டுல கெடந்துச்சு. ஸ்டூலப் போட்டு அவளே எடுத்தா, தூசியத் தட்டுனா. 'இது எங்கூட்டுல இருக்கட்டும். உங்கூட்டுக்காரரே எடுத்துக்கச் சொல்லீட்டாரு'ன்னா." பிறகு, "நீங்க கூப்புட்டீங்களாமா?" என்றாள்.

"நாலு நிமிஷம்."

"அதுல மூணு நிமிஷம் நீங்க பேசவேயில்லன்னா. லைன் கட்டாயிருச்சுன்னு அவ வெக்கப் போனாளாம்."

"அதுக்கப்பறம் சொன்னேன்."

"சொன்னீங்களாமா." மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "மூணு வாரம் யோசிச்சுப்போட்டுத்தான் வந்தேன்னா. உங்க மேல இன்னும் கோவந்தானாம். எங்கிட்ட வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லையாம்."

"சரிதான்."

"போசிய வெறுமனே அனுப்புவனா? அவசரத்துக்கு வெல்லங் கரைச்சுக் கச்சாயம் சுட்டேன். ஆறு போட்டுக் குடுத்தேன்." பிறகு, என்னைச் சீண்டும் அந்தப் பழைய குரலில்: "எப்பத் திரும்பி வரும்னு கேக்கலீங்களா?"

"இல்ல."

"நெசமாவா?"

"கேக்கல."

அவள் பக்கத்தில் தெருநாய்க் குட்டிகள் குரைப்பது கேட்டது.

"அந்த நீல மூடி டப்பா உங்ககிட்டயேதான் இருக்குதா?"

"இருக்குது."

"எத்தன நாளாச்சு?"

"இருபத்தேழு." எண்ணாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

"குடுக்கப்போறதில்லையா?"

"நீ வந்து குடு," என்றேன்.

சொல்லிவிட்டு, வற்புறுத்திவிட்டேனோ என்று அஞ்சினேன். மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஒலி. ஏதோ தாளைப் புரட்டினாள்.

"ஏனுங்க, பிளேன்ல எத்தன கிலோ கொண்டாரலாம்?"

"இருபத்துமூணு கிலோ வீதம் ரெண்டு பெட்டி. கைப்பை ஏழு."

"கச்சாயத்துக்கு வெல்லம் இருக்குதுங்களா அங்க?"

"சர்க்கரை இருக்குது. ஒரு கிலோ. இன்னும் பிரிக்கல."

அவள் சிரித்து ஓயும்வரை காத்திருந்தேன்.

"அதெல்லாம் ஆகாதுங்க. வெல்லம் எடுத்துக்கறேன், பச்சரிசி மாவு, எள்ளு... பெட்டி அரைக்கிலோ ஒரு கிலோ கூடுனா என்னங்க பண்ணுவாங்க?"

கூடினால் என்ன செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். விமான நிறுவனத்தின் கட்டண அட்டவணையை அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

"கூடட்டும்," என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
வெளியே 13°. நிலையச் சாலையில் செர்ரி மரங்கள் மொட்டவிழ்கின்றன.

ஞாயிறு அழைப்பு: இல்லை. எதிரே உட்கார்ந்து, தினமும் அப்படி என்னத்தை எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். கிமிகோ-சான் தந்த சிவப்புச் செருப்பு அரை அங்குலம் பெரிது; கழற்ற மறுக்கிறாள்.

நீல மூடி டப்பா காலையில் அவள் கையோடு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். மொழி தெரியாத இருவரின் சிரிப்பும் சுவருக்கு அப்பால் கேட்டது; இப்போதுதான் திரும்பினாள். டப்பா வரவில்லை. கேட்கவில்லை.

உள்ளே போனது: கச்சாயம், எட்டு. ஒன்றுபோல் ஒன்றில்லை.